பியூஸ் போவது யார் குற்றம்?

மழைக்காலம் நெருங்கினால் தாராவியிலும் மும்பையின் பிற சால்களிலும் வாழும் நம் மக்கள் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கிவிடுகிறார்கள். சுவரில் ஓடும் மின்கம்பியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் வாடகை வாங்குகிற வீட்டுக்காரர். அவரோ மாதம் பிறந்தால் சப் மீட்டரை மட்டுமே பார்க்கிறார்!

ஒரு மீட்டர், ஆறு அறை, ஆறுக்கும் சேர்த்து ஒரே பியூஸ். பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு. ஓர் அறையில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, அடுத்ததில் வெந்நீர் போடும் 1500 வாட் ராடு, இன்னொன்றில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. 230 வோல்டில் இம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி அதைத் தாங்காது. பியூஸ் உருகுகிறது, அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவருக்கு விசிறி நின்றுவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு அணைந்துவிடுகிறது. யாரோ ஒருவர் தடித்த கம்பியை எடுத்துச் சுற்றிவிடுகிறார். அன்றுமுதல் பியூஸ் உருகாது, சுவருக்குள் இருக்கும் கம்பி உருகும்.

சுற்றியவரைத் திட்டிப் பயனில்லை. ஓர் அறையின் கோளாறுக்கு ஆறு அறையையும் இருட்டாக்கும் அமைப்பு நீடிக்கும்வரை இன்னொரு கை அதே வேலையைச் செய்யத்தான் செய்யும். எனவே மீட்டரிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனி லைன், தனி எம்.சி.பி. வேண்டும் என்று கேட்போம். விளக்கு, விசிறிக்கு 1.5 கம்பியும் 10 ஆம்பியரும். அடுப்பு பிளக்குக்கு 2.5 கம்பியும் 16 ஆம்பியரும் பொருத்தம். அடிக்கடி விழுகிறதே என்று 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டினால் பழைய தடித்த கம்பிக் கதைதான்.

எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அல்ல. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், இதயம் நின்றுவிடும். ஈரக் கையோடு ராடைத் தொட்ட தாய் துடிக்கும்போது எம்.சி.பி. அசையாமல் நிற்கும். அதற்கென உள்ளது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவு கண்டதும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். இதையும் அறைக்கொன்றாக வைப்பதே நல்லது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். எர்த் கம்பியும் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான பிளக்குகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கிறது.

இச்செலவு வீட்டுக்காரருடையது. யூனிட்டுக்குக் கூடுதல் காசு வாங்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதா? "இஷ்டமில்லாவிட்டால் காலி செய்" என்பார். ஒருவர் போய்க் கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஆறு குடும்பமும் கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விண்ணப்பம் முழுமையாக இருந்து புதிய லைன் இழுக்கத் தேவையில்லாவிட்டால் மாநகரங்களில் 3 நாளில் இணைப்புத் தர வேண்டும். கவுண்டரில் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ரசீதையும் அந்தத் தாளையும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், மேல்முறையீட்டு மனுவை நாமே எழுதித் தருகிறோம்.