இம்போசிஷனால் தீராது

மூன்றாம் வகுப்புப் பிள்ளை டிக்டேஷனில் பத்துக்கு இரண்டு வாங்கி வந்தால் நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். தப்பாக எழுதிய சொல் ஒவ்வொன்றையும் ஐம்பது தரம் எழுதச் சொல்கிறோம். விரல் நோக எழுதுகிறான். நடுவிலேயே சொல் மறுபடி பிழையாகி, மிச்ச வரிகள் எல்லாம் அந்தப் பிழையோடே போகின்றன. உடனே சோம்பேறி, திமிர், கவனமெல்லாம் செல்போனில் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். பெற்றோரே, அவன் எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்று ஒருநாளாவது கூட உட்கார்ந்து பார்த்தோமா?

பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896-லேயே இப்படி ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், கணக்கு போடுவான், விளையாட்டிலும் சளைத்தவனில்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து இடம் மாற்றித்தான் எழுதினான். பாடத்தை வாயால் மட்டும் நடத்தினால் பள்ளியிலேயே முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. நாம் இன்னும் ஸ்கேலைத்தான் கையில் எடுக்கிறோம்.

இந்தச் சிக்கலின் பெயர் டிஸ்லெக்சியா. இது உள்ள பிள்ளைக்கு அறிவில் குறை கிடையாது. பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்து, அந்தந்த ஒலியை அதற்குரிய எழுத்தோடு சேர்க்கும் வேலை அவன் மூளையில் சிரமப்பட்டு நடக்கிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. மனைவியின் வளர்ப்பைக் குறை சொல்லும் தகப்பன்மார் தங்கள் பள்ளி நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். ஞாபகசக்தி டானிக் இதை ஒன்றும் செய்யாது. இரண்டாவது டியூஷனும் செய்யாது. அங்கேயும் அதே பாடம்தான் அதே வேகத்தில் ஓடுகிறது.

நாம் சுலபம் என்று நினைப்பதைப் பாருங்கள். 'கொடி' என்று சொன்னால் காதில் முதலில் விழுவது ககர ஒலி. நோட்டில் முதலில் நிற்பதோ கொம்பு, அப்புறம்தான் க, அதற்கும் அப்புறம் கால். கடலில் ஒலிக்கும் 'க' வேறு, தங்கத்தில் வேறு, பகலில் வேறு. ன-வுக்கும் ண-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். இத்தனையையும் நம் மூளை நமக்குத் தெரியாமலே முடித்துவிடுகிறது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் இதைப் புதிதாகச் செய்கிறான். அதனால்தான் புள்ளி விட்டுப்போகிறது, குறில் நெடிலாகிறது, ஒரு வரி முடிவதற்குள் களைத்துவிடுகிறான். இது போதாதென்று ஆங்கிலம். 'புட்', 'பட்' இரண்டிலும் நடுவே நிற்பது ஒரே 'யு'; ஏன் என்று கேட்டால் நம்மிடமே பதில் இல்லை. தமிழை எப்படியோ ஒப்பேற்றிய பிள்ளை அங்கே திணறிப்போவது உண்டு.

இன்னொன்று: சாமர்த்தியமான பிள்ளைகள் இதை மறைத்துவிடுவார்கள். காதால் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்து, படத்தைப் பார்த்தபடி ஒப்பிப்பார்கள். நாமும் 'என் பொண்ணு என்னமா வாசிக்கிறா' என்று பூரித்துப் போவோம். மூன்றாம், நான்காம் வகுப்பில் பாடம் நீளும்போதுதான் குட்டு வெளிப்படும். படிக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வழி இருக்கிறது. மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு ஒலிப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். கண், காது, வாய், விரல் நான்கும் ஒன்றாக வேலை செய்யும் அந்த முறையைத்தான் இன்றைய ஸ்பெஷல் எஜுகேட்டர்களும் கையாளுகிறார்கள்: ஒரு ஒலி, அதற்கு ஓர் எழுத்து, அது பதிந்த பிறகே அடுத்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருஷங்களாக இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. வீட்டில் நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. சமூக அறிவியல் பாடத்தை நாம் வாசித்துக் காட்டலாம், பதிலை வாயால் வாங்கிக்கொள்ளலாம். படிக்கத் திணறுகிறவனுக்கு உலக அறிவும் கிடைக்காமல் போக வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் நாம் மறைக்கிறோம். 'சர்டிபிகேட் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும்', 'நாளைக்குப் பொண்ணுக்கு எப்படி மாப்பிள்ளை பார்ப்பது' என்கிறோம். வகுப்பில் 'மக்கு' என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது, தினமும் விழுகிறது. அதை நாம் கண்டுகொள்வதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டறிந்து தக்கபடி கற்பிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் கிடைக்கும். சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். ஆனால் மதிப்பீடும் சான்றிதழும் வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் அதற்காக ஓடும் பெற்றோர், சலுகையை வாங்கலாம். மூன்றாம் வகுப்பு முதல் அந்த ஏழு வருஷத்தில் பிள்ளை பட்ட அவமானத்தை எதைக் கொடுத்து ஈடுகட்டுவார்கள்?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தும் தடுமாற்றம் தொடர்ந்தால், வகுப்பாசிரியரிடம் ஒளிக்காமல் பேசுங்கள், உளவியலாளரிடம் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். என்ன பிரச்சினை என்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். தன்மேல் தப்பில்லை என்று உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.