அட்டை கட்டணத்தைக் கட்டும், கூலியைக் கட்டாது

பெரும்பாறையில் காப்பிப் பழம் பறிக்கும் ஓர் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு மெலிவு. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் கட்டி வளர்ந்தது. கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்த பிறகுதான், வேகமாகப் பரவும் லிம்போமா என்று தெரிந்தது. அந்த மூன்று மாதமும் அவர் வேலைக்குப் போனார்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. இதில் அதிகம் காணப்படும் பெரிய பி-செல் வகைக்கு 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு சுற்று ஆர்-சாப் கீமோ. பத்தில் ஆறு பேர் வரை இதிலேயே குணமாகிறார்கள். மற்றவர்களுக்கு நோய் அடங்குவதில்லை, அல்லது பெரும்பாலும் இரண்டாண்டுக்குள் திரும்புகிறது. அங்கேதான் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வருகிறது. வேறு கீமோவில் நோய் அடங்கினால், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைப் பிரித்து உறையவைத்து, கடுமையான கீமோ கொடுத்து, அதே செல்லைத் திருப்பி ஏற்றுவார்கள். 1995இல் வெளியான பர்மா ஆய்வுக்குப் பிறகு இதுவே வழியாக இருந்தது.

இப்போது கார்-டி வந்திருக்கிறது. ஓராண்டுக்குள் திரும்பும் நோய்க்கு அது கூடுதல் பலன் தரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டைவிட விலை மிகக் குறைவுதான், ஆனாலும் பல லட்சம். ஆகவே ஸ்டெம் செல் காலம் முடிந்தது என்ற பேச்சு நம் மக்களுக்குப் பொருந்தாது. ஓராண்டு கழித்து நோய் திரும்பி, கீமோவுக்கு அடங்குகிறவர்களுக்கு அது இன்றும் உயிர் காக்கும் சிகிச்சை.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அதன் அருமையை நாங்கள் அறிவோம். ஆனால் அது கூலியைத் தராது. ஆறு சுற்று என்றால் நாலு மாதம். மாற்று சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தனியறை, பிறகு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கல், துணைக்கு ஒருவர். ஒரே வீட்டில் இரண்டு கூலி நின்றுபோகும். பாதியில் நின்றவரைச் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று கோப்பில் எழுதுகிறார்கள். கைவிட்டது அவரா?

அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில் அடித்தளம் போடப்பட்டது ஈ.எஸ்.ஐ. திட்டம். அதில் தகுதியுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் இரண்டாண்டு வரை 80 சதவீதக் கூலி கிடைக்கும். தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், தோட்ட முதலாளி விரும்பினால் சேரலாம் என்றுதான் சொல்கிறது. இந்தத் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பளியர்களும். அவர்களுடைய உயிர் ஏன் முதலாளியின் விருப்பத்தில் தொங்க வேண்டும்?

எங்கள் கோரிக்கை இரண்டு. தோட்டங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமாக வேண்டும். அதுவரை, சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கும் துணையாளுக்கும் அரசு கூலி ஈடு தர வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊரில் யாருக்காவது கழுத்திலோ அக்குளிலோ உள்ள கட்டி காசநோய் மாத்திரைக்குக் கரையவில்லை என்றால், கூடப் போய் பயாப்ஸி கேளுங்கள். அக்கா இப்போது நான்காவது சுற்றில் இருக்கிறார். துணைக்கு வருவது மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, இந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.