பிழைக்க வந்தவர்களா?

போன வாரம் ஹட்டனில் அரசியலமைப்பு பற்றி ஒரு கூட்டம். "நாட்டை ஆக்கிய இனங்களுக்குத்தான் கூட்டு உரிமை. பிழைக்க வந்தவர்களுக்குத் தனிமனித உரிமையே தாராளம்" என்றார் மேடையிலிருந்த கனவான், பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே. தலையாட்டியவர்களில் நம் மலையகத்தவர்களும் இருந்தார்கள். எரிச்சலே அதுதான்.

ஆக்கியது யார், ஐயா? சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றம் 1947 தேர்தலில் அமைந்தது. இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, நுவரெலியாவில் தொண்டமான். கொழுந்து கிள்ளிய கைகள் போட்ட வாக்கு அது. 1948 பெப்ரவரியில் சுதந்திரம். அதே வருடம் குடியுரிமைச் சட்டம் அந்தக் கைகளின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் வாக்கும் பறிபோனது. தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் தெரிவானது 1977இல். பிழைக்க வந்தவனின் வாக்கு 1947இல் மட்டும் இனித்ததோ?

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையைக் காத்ததாம்! குடியுரிமையையும் வாக்கையும் பறித்த சட்டங்களை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தச் சட்டங்கள் செல்லும் என்று 1953இல் தீர்ப்பு வந்தது. தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்பது எல்லாருக்கும் பொதுவாம். லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? பிறகு 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் மடுவத்தில் கொழுந்து நிறுப்பதுபோல் மக்களைப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1947இல் வாக்குப் போட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இன்றும் எத்தனையோ லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட ஆபீசில் கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்தபின் பிள்ளையின் கைக்கு வரும். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை இழுத்தடித்தார்கள். வீடு கட்ட 7 பேர்ச் காணி கேட்டால் ஏதோ மலையையே எழுதிக் கேட்டதுபோல் பதறுகிறார்கள். வடக்கிலும் 'தோட்டக்காட்டான்' என்கிற வாய் இன்னும் முழுசாக மூடவில்லை. தமிழ் ஒற்றுமை அங்கே தேர்தல் காலத்துப் பயிர்.

2023இல், மலையக மக்கள் இங்கே வந்த 200 வருட நினைவு நடை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோது மாலை போட்டவர்கள் பலர். மாலை போதும். புதிய அரசியலமைப்பு எழுதுகிறவர்கள் மலையகத் தமிழரை ஒரு தேசிய இனமாகப் பெயர் சொல்லி எழுதட்டும். காணியுரிமையையும் அதிலேயே எழுதட்டும். 1947இல் வாக்குப் போட்டு இந்த நாட்டின் முதல் பாராளுமன்றத்தை அமைத்தவர்கள் அதைச் சலுகையாகக் கேட்கவில்லை.