டீசல் காரில் காற்றை எடுக்க ஒரு கிளிக் – அது யார் கையில் இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் இதழில் டீசல் கார் ரிப்பேர் எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்று வீட்டு வாசலில் நிற்கும் காரும் ஒரு கம்ப்யூட்டர்தான். எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த சிலிண்டருக்குப் போக வேண்டும் என்பதை இ.சி.யு. எனப்படும் சிறிய கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. ஸ்பேனர் பிடித்துச் செய்த வேலைகளில் சில இப்போது சாப்ட்வேர் வழியே நடக்கின்றன. அந்த சாப்ட்வேர் காரை வாங்கியவரிடம் இல்லை என்பதுதான் என் பிரச்னை. இதை விளக்க, டீசல் லைனில் ஏர் எடுக்கும் வேலையை உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன்.

முதலில் ஏர் லாக் என்றால் என்ன என்று பார்ப்போம். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஏர் வாங்கிவிட்டால், மோட்டார் ஓடும். ஆனால் தண்ணீர் ஏறாது. டீசல் இஞ்சினிலும் ஏறக்குறைய இதே கதைதான். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. நன்றாக அழுத்திச் சூடாக்கிய காற்றில், டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் அது தானே எரியும். குழாயில் டீசலோடு காற்றுக் குமிழிகள் இருந்தால், பம்ப் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. செல்ப் எவ்வளவு அடித்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. டீசல் பில்டர் மாற்றினால், பில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்தால், டீசல் ட்யூப் மாற்றினால், டேங்க் காலியாகும் வரை ஓட்டினால் இப்படிக் காற்று புகுந்து கொள்ளும்.

பழைய அம்பாசிடர் டீசல் போன்ற வண்டிகளில் இதற்குத் தீர்வு மிக எளிது. பில்டரின் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, கை பம்பை அமுக்கிக் கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையோடு டீசல் வரும். குமிழி நின்று சீராக டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், நாசில் பக்கம் பைப் நட்டைத் தளர்த்தி செல்ப் அடிக்கச் சொல்லி, டீசல் கசிந்ததும் இறுக்குவார்கள். ஒரு ஸ்பேனர், ஒரு பழைய துணி, கூட ஒரு ஆள் போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் எத்தனையோ டிரைவர்கள் இதைச் செய்து கொண்டு போயிருக்கிறார்கள்.

1997ல் ஆல்பா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் முறை வந்தது. அதில் அழுத்தம் 1,350 பார். பின்னர் வந்த இஞ்சின்களில் இது 2,000 பாரையும் தாண்டிவிட்டது. ஒப்பிட்டுப் பாருங்கள்: கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று சுமார் 2 பார்தான். எனவே ஒன்றை இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் வண்டியில் பழைய பழக்கத்தில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ப் அடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் சிறிய புள்ளிதான் தெரியும்; ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

அப்படியானால் புதிய வண்டியில் ஏர் எடுப்பது எப்படி? சில மாடல்களில் பில்டர் அருகே கை பம்ப் இன்னும் இருக்கிறது. சிலவற்றில் டேங்கினுள் எலக்ட்ரிக் பம்ப் உண்டு. சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் நிலையில் வைத்தால் அது சில நொடிகள் ஓடி நிற்கும். இப்படி நான்கைந்து முறை செய்தால் காற்று டேங்குக்கே திரும்பிவிடும். ஆனால் வேறு சில மாடல்களில், லேப்டாப்பை இணைத்து, தயாரிப்பாளரின் முறைப்படி அந்தப் பம்பை ஓட வைக்க சாப்ட்வேர் மூலம் கட்டளை கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் செல்ப் அடித்துக் கொண்டே இருந்தால் ஹை பிரஷர் பம்ப் டீசல் இல்லாமல் சுழலும். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். வறட்சியில் ஓடினால் உள்ளே உலோகம் தேய்ந்து, அந்தத் துகள்கள் நாசில் வரை போய்விடும். ஒரு பில்டர் மாற்றும் செலவில் முடிய வேண்டியது பம்ப், நாசில், ரெயில் என்று நீளும்.

என் சித்தப்பாவின் காரில் இதை நேரில் பார்த்தேன். பல வருடப் பழக்கமுள்ள மெக்கானிக் பில்டரைச் சரியாகவே மாற்றினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ப் அடித்துக் கொண்டே இருந்தால் பம்ப் போய்விடும் என்று தெரிந்து அவரே கையை எடுத்துவிட்டார். வண்டியை லாரியில் ஏற்றி கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். அங்கே ஒரு பையன் லேப்டாப்பை மாட்டி, ஒரு மெனுவைத் திறந்து, ஒரு பட்டனைக் கிளிக் செய்தான். பம்ப் ஓடியது, சிறிது நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று எனக்குப் புரிகிறது. "இந்த ரிலேயை ஆன் செய், இத்தனை நொடி கழித்து ஆப் செய்" என்பதுதான் அது. இதில் என்ன தொழில் ரகசியம் இருக்கிறது?

உங்கள் வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரை நினைத்துப் பாருங்கள். அதன் ட்யூபிலும் காற்று புகும்; பிரிண்டில் வெள்ளைக் கோடு விழும். உடனே என்ன செய்கிறீர்கள்? பிரிண்டர் டிரைவரைத் திறந்து, மெயின்டனன்ஸ் டேபில் ஹெட் கிளீனிங் கிளிக் செய்கிறீர்கள். இதற்காகப் பிரிண்டரை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கி வா என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா? பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய காரில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

"ஓ.பி.டி. பிளக்தான் எல்லாக் காரிலும் இருக்கிறதே, சில நூறு ரூபாய்க்கு புளூடூத் அடாப்டர் கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். ஸ்டியரிங் கீழே உள்ள அந்த 16 பின் சாக்கெட் உண்மையில் நல்ல வசதி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி. 2 கட்டாயமானது. ஆனால் அந்தப் பொது விதி பெரும்பாலும் புகை தொடர்பான தகவல்களைப் படிப்பதற்குத்தான். "பி0087" என்ற கோட் வந்தால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று தெரியும். வியாதி தெரியும், மருந்து கொடுக்க முடியாது. பம்பை ஓட வைக்கும் கட்டளைகள் ஒவ்வொரு கம்பெனியின் தனி மொழியில் இருக்கின்றன.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களையும் பார்ப்போம். எல்லோருக்கும் திறந்துவிட்டால் திருடர்கள் போலிச் சாவி போடுவார்கள், புகைக் கட்டுப்பாட்டை அணைத்து விடுவார்கள், தெரியாதவர் கை வைத்து அடிபடுவார் என்கிறார்கள். முதல் இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் யூசர் அக்கவுண்ட், அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் என்று பிரித்து வைப்பதில்லையா? சாவி புரோகிராம் செய்வதையும் இ.சி.யு.வை மாற்றி எழுதுவதையும் பூட்டி வையுங்கள். ஏர் எடுப்பது போன்ற பராமரிப்பு வேலைகளைத் திறந்து விடுங்கள். மூன்றாவது காரணத்தை நான் ஏற்க மாட்டேன். சரியான வழியை மறைத்தால்தான் ஆட்கள் பைப் நட்டைத் தளர்த்தும் ஆபத்தான வழிக்குப் போவார்கள்.

இது நடக்க முடியாத ஆசையும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012ல் இதற்குச் சட்டம் போட்டது. 2018 மாடல் முதல், சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டர் மூலமே காரின் பழுது பார்க்கும் தகவல்களைப் பெற வழி செய்ய வேண்டும் என்றது. ஐரோப்பாவில் 715/2007 விதியும் அதன்பின் வந்த 2018/858 விதியும் தனி ஒர்க்‌ஷாப்களுக்கும் தகவல் தரச் சொல்கின்றன. நம் நாட்டில் 2014 ஆகஸ்ட் 25ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022ல் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, தனி இணையதளமும் தொடங்கியது. கார்களும் அதன் பட்டியலில் உண்டு. போன் நம்பர்களும் மேனுவல்களும் ஒரே இடத்தில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் சர்வீஸ் கட்டளைகளும் கிடைத்தால்தான் பேட்டை மெக்கானிக் பிழைப்பார். காரை வாங்கியவருக்கும் தேவையில்லாத செலவு மிஞ்சும்.

அதுவரை நாம் செய்யக் கூடியவை சில உண்டு. டீசல் காரை, அது பழையதாக இருந்தாலும், வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பில்டர் மாற்றிய பின் ஏர் எடுக்க கை பம்ப் இருக்கிறதா? சாவியை ஆன் செய்தாலே போதுமா? கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் அந்த சாப்ட்வேர் வெளி மெக்கானிக்குக் கிடைக்குமா? பதிலை எழுத்தில் கேட்டு, ஈமெயிலைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். டேங்கைக் காலியாகும் வரை ஓட்டாதீர்கள். பில்டர் மாற்றிய பின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்பைப் போட்டு வதைக்காமல் மேனுவலைப் பாருங்கள். இந்தக் கேள்விகளை நாலு பேர் கேட்டால் ஷோரூம்காரர் சிரித்து மழுப்புவார். நாலாயிரம் பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும்.