உதைபந்தும் உடைமையும்

மன்னாரின் உதைபந்தாட்டம் தழைக்கவேண்டுமாயின் பெருமுதலீட்டாளர் ஒருவர் வந்து கழகங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பார் உளர். பிறநாடுகளிற் கழகங்களை விலைக்கு வாங்கும் செல்வரை அவர்கள் முன்மாதிரியாகவும் காட்டுவர். அச்செல்வருள் ஒருவரது வரலாற்றையேனும் ஊன்றி நோக்குதல் தகும்.

மலேசியரான வின்சென்ட் டான் 1952இல் ஜொகூர் மாநிலத்திற் பிறந்தவர். அரசின் வசமிருந்த 'ஸ்போர்ட்ஸ் டோட்டோ' என்னும் சீட்டிழுப்பு நிறுவனம் 1985இல் தனியார்மயமானபோது, பகிரங்கக் கேள்விப்பத்திரம் இன்றியே அதனைக் கைக்கொண்டார். அவ்வருவாயின்மீது வளர்ந்த பெர்ஜாயா குழுமம் கல்கிசைக் கடற்கரையில் விடுதி நடத்துமளவிற்கு விரிந்தது. 2010இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிற்றி அவர் கைக்கு வந்தது. 2013இல் சரயேவோ, 2015இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க், லொஸ் ஏஞ்சல்ஸ் கழகமொன்றிற் பங்கு எனப் பட்டியல் நீண்டது. விடுதிகளைச் சேர்ப்பதுபோலவே கழகங்களும் சேர்க்கப்பட்டன.

கார்டிஃப் நூறாண்டுக்கு மேலாக நீலநிற அணி. 'நீலப்பறவைகள்' என்பதே அதன் செல்லப்பெயர். 2012இல் உடை சிவப்பாயிற்று. சின்னத்தில் பறவை ஒடுங்க, பறவைநாகம் பெருத்தது. சிவப்பு நற்சகுனம், ஆசியச் சந்தைக்கும் உகந்தது என்பதே காரணம். இரசிகர் ஓயாது எதிர்த்தமையால் 2015 ஜனவரியில் நீலம் மீண்டது. அவரது பணத்தால் அணி 2013இல் பிரீமியர் லீக்கை அடைந்தது உண்மையே. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் அடுத்த ஆண்டே வீழ்ந்தது. 2018இல் மீண்டும் ஏறி, 2019இல் இறங்கி, 2025இல் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. இட்ட பணத்திற் பெரும்பகுதி கடனாகவே எழுதப்பட்டதென்பதும் (பின்னர் அதிலொரு பகுதி பங்காக மாற்றப்பட்டது) இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பேசாலையிலும் வங்காலையிலும் பள்ளிமுனையிலும் கழகம் என்பது ஊரின் மறுபெயர். கடற்றொழிலாளரின் சிறுதொகையும் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணமுமே அதன் மூலதனம். புனிதர் பெயர் தாங்கிய அணியின் நிறத்தைச் சந்தைக்காக மாற்ற எவர் துணிவார்? உடைமையாளர் துணிவார், அதற்கான உரிமையையே அவர் விலைகொடுத்துப் பெறுகிறார்.

முதலீட்டாளர் இக்கரைக்குப் புதியவருமல்லர். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆங்கில அரசு 1906இல் ஒரு கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு அளித்தது. 1907இன் பின் நெடுங்காலம் குளிப்பில்லை. 1912இற் கம்பனியும் கலைந்தது. கம்பனிக்காரர் போய்விட்டனர், கரையோரத்தார் எங்கு போவர்?

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. 2021இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களுள் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றுகூட இல்லை. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடைசெய்திருந்தது. இவை நிர்வாகத்தின் சீர்கேடுகள். செல்வர் ஒருவர் மன்னாரிற் கழகம் வாங்குவதால் நீங்குவன அல்ல.

பணம் வேண்டாமென்பதன்று வாதம். ஜெர்மனியில் 1998 முதல் முதலீட்டாளர் வரலாம். ஆனால் ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையிற் பாதிக்கு மேல் உறுப்பினர் வசமே இருத்தல் வேண்டும். பெயர், நிறம், மைதானம் ஆகியவற்றை உறுப்பினர் பெரும்பான்மையின்றி மாற்றலாகாது என மன்னார்க் கழகங்களின் யாப்பில் முதலில் எழுதப்படட்டும். அவ்விதிக்கு உடன்பட்டு வரும் முதலீட்டாளர் எவரென, அவரை அழைப்போர் பின்னர்க் கூறட்டும்.