பள்ளிக்கூடம் யார் நிலத்தில் நிற்கிறது?



நம் தமிழ்ப்பள்ளி முன்னேற வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. கோயில் திருவிழாவிலும் சொல்கிறோம். கல்யாணப் பந்தியிலும் சொல்கிறோம். சுவருக்குச் சாயம் அடித்துவிட்டால், கணினி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவையும் வேண்டியவைதாம். ஆனால் தோட்டப் பள்ளியின் ஆயுளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. ஒன்று, பள்ளி நிற்கும் நிலம். மற்றொன்று, பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. லயத்துப் பக்கத்தில் கொட்டகைகள் எழுந்தன. எழுத்துத் தெரிந்த கங்காணியே வாத்தியாரானதும் உண்டு. பிறகு 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் சேர்ந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. நிலம் மட்டும் பல தோட்டங்களில் கம்பெனி பெயரிலேயே இருந்துவிட்டது.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளி முழு உதவி பெறும் பள்ளி. தனியார் நிலத்தில் நிற்பது பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளி. கூரை ஒழுகினாலும், வகுப்பறை போதாவிட்டாலும், அடுத்தவர் நிலத்தில் கட்டடம் எழுப்ப எந்த இலாகாவும் யோசிக்கத்தான் செய்யும். தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி என்ன என்ற கவலை வேறு. ஆகையால், நிலத்தின் கிராண்டு யார் பெயரில் இருக்கிறது என்பது பள்ளி வாரியத்துக்கு மட்டும் உரிய விஷயமன்று. அது உங்கள் பிள்ளை மழையில் நனையாமல் படிப்பதைப் பற்றிய விஷயம்.

அடுத்தது எண்ணிக்கை. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530-ஐ ஒட்டித்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. நம் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, பத்தாங் காலி பக்கங்களில் மரம் நின்ற இடங்களில் தாமான்கள் வந்துவிட்டன. குடும்பங்கள் பட்டணம் போயின. பள்ளிக்கூடம் தோட்டத்திலேயே நின்றது. 150 பிள்ளைகளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டால், ஒரே அறையில் ஒரே ஆசிரியர் ஒரு பக்கம் முதலாம் ஆண்டுக்கு எழுத்தும் மறுபக்கம் இரண்டாம் ஆண்டுக்குக் கணக்கும் நடத்த வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு வழி, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளியைக் கொண்டுபோவது. பள்ளியை மூடுவதும் இடம் மாற்றுவதும் ஒன்றல்ல. இடம் மாறினால் பள்ளி உயிரோடு இருக்கிறது. தோட்டம் போனாலும் பள்ளி வாழலாம் என்பதற்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சாட்சி உண்டு. இன்றைய பண்டார் உத்தாமா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம். அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பள்ளி இடம் மாறினால், தோட்டத்தில் எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளை எப்படிப் போவான்? பஸ் வசதியையும் சேர்த்துக் கேட்காமல் இடமாற்றத்துக்குக் கை தூக்காதீர்கள்.

2012-இல் பிரதமர் துறையில் பேராசிரியர் என்.எஸ். இராஜேந்திரன் தலைமையில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்றே ஒரு திட்டக் குழு அமைந்தது. நல்ல காரியம். ஆனால் ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், குழுவும் மாறும். மாறாமல் இருப்பவர்கள் பெற்றோர்களே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தால், கோப்பும் அலமாரியிலேயே தூங்கும்.

வீட்டிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை 'ஏ' என்று எண்ணிப் பள்ளியை அளந்தோம். 2021-இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. இனி ஆறு வருடம் காத்திருந்து அளக்க முடியாது. வேலை முடிந்து களைத்து வந்தாலும், இரவில் பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் ஒரு பக்கமும் மலாயில் ஒரு பக்கமும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும், தடுமாறுகிறானா, தடையின்றிப் படிக்கிறானா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். தடுமாறினால் மறுநாளே வகுப்பாசிரியரைப் பாருங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது சட்டம். எந்தப் பள்ளிக்கு என்பது உங்கள் விருப்பம். தமிழ்ப்பள்ளியை விரும்பும் பெற்றோர் முதலாம் ஆண்டுப் பதிவைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது? பாலர் வகுப்பு உண்டா? ஐந்து வருடம் கழித்து முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? பதில் தெரியாது என்றால், கண்டுபிடித்துச் சொல்ல ஒரு தேதி கேளுங்கள். அந்தத் தேதியைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்துவிட்டு உட்காருங்கள்.