மோட்டார் ரூமுக்கு மைனிங் மெஷின் வேண்டாமுங்க

போன ஒரு வருசத்துல மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. மூணு பேரும் டவுன்ல இருக்கறவங்க, நல்லாப் படிச்சவங்க. "தோட்டத்துக்குக் கரண்டு ஃப்ரீதானே, மோட்டார் ரூம்ல ரெண்டு பிட்காயின் மைனிங் மெஷின் போட்டா என்ன? அது பாட்டுக்கு ஓடும், காசு பாட்டுக்கு வரும்."

விளையாட்டுப் பேச்சோட போயிருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா இப்போ எங்க பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட நிஜமாவே ஒரு ஆள் வந்து மோட்டார் ரூமை வாடகைக்குக் கேட்டிருக்கார். ரெண்டு மெஷின் வைப்பாங்களாம், மாசம் 15,000 ரூபாய் குடுப்பாங்களாம். அண்ணன் என்கிட்ட வந்து, "ஏந்தம்பி, மஞ்சள் விக்கிற விலைக்கு மாசம் பதினஞ்சாயிரம் சும்மா வருதுன்னா வேண்டாங்கறதா?" அப்படின்னார். கடன் இருக்கறவருக்கு அது நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் உங்களுக்கும் எழுதறேன். ஏன்னா இதுல உங்க காசும் இருக்கு.

முதல்ல அந்த மெஷின் என்ன வேலை செய்யுதுன்னு பாத்துருவோம். பேருதான் மைனிங், தோண்டறது ஒண்ணும் கிடையாது. பிட்காயின்ல யாரு யாருக்கு எவ்வளவு அனுப்புனாங்கங்கற கணக்கை, சுமார் பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கம்னு எழுதறாங்க. அந்தப் பக்கத்தை எழுதற உரிமை யாருக்குங்கறதுக்கு ஒரு போட்டி. உலகத்துல இருக்கற எல்லா மெஷினும் ஒரு எண்ணைத் தேடி ஊகிச்சுக்கிட்டே இருக்கும். எந்த மெஷினுக்கு முதல்ல மாட்டுதோ அதுக்குப் பரிசு, மத்த எல்லா மெஷினும் தின்ன கரண்டுக்குப் பதிலா ஒண்ணும் கிடையாது. 2009-ல ஆரம்பிச்சப்போ பரிசு 50 காயின். சுமார் நாலு வருசத்துக்கு ஒருக்கா அது பாதியாகும். 2024 ஏப்ரல்ல இருந்து 3.125 காயின்தான்.

இதுக்கு ஒரே வேலைக்குன்னு செஞ்ச தனி சிப் வச்ச மெஷின் வேணும். ஆன்ட்மைனர் எஸ்21-ன்னு ஒண்ணு இருக்கு. பாக்க ஷூ பெட்டி ரெண்டைச் சேத்து வச்ச மாதிரிதான் இருக்கும். அது இழுக்கற கரண்டு 3,500 வாட்.

உங்களுக்கு இந்த எண் ஒண்ணும் சொல்லாது. தோட்டக்காரனுக்குச் சொல்லும். 5 ஹெச்.பி. மோட்டார்ங்கறது சுமார் 3,700 வாட். அப்போ அந்தச் சின்னப் பெட்டி ஒண்ணு ஏறத்தாழ ஒரு 5 ஹெச்.பி. மோட்டார். ஆனா நான் மோட்டாரை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டுனா 22 யூனிட்டு ஆகும். அந்தப் பெட்டி ராத்திரி பகல் ஓயாம ஓடணும், ஓடுனா 84 யூனிட்டு. நாலு தோட்டத்து மோட்டாரை ஒரு பெட்டி விழுங்குது. தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம்னு குடுக்கறாங்களே, அது இந்தப் பெட்டிக்கு ஒண்ணேகால் நாளுக்குக் கூடக் காணாது.

சரி, தோட்டத்து லைன் இதைத் தாங்குமா? எங்க பக்கம் ஒரு 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர்ல பல தோட்டத்து மோட்டாரும் தொங்கிட்டு இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டறதில்ல, அதனால தாக்குப்பிடிக்குது. அதுல பத்து மெஷின் ஏறுச்சுன்னா 35 கிலோவாட், பாதிக்கு மேல போயிருச்சு. அதுவும் ஒரு நிமிசம் கூட இறங்காத லோடு. லைன் கடைசியில இருக்கற தோட்டத்துக்கு வோல்டேஜ் விழுகும், மோட்டார் முக்கி முனகி காயில் கருகும். காயில் கட்டற செலவு அந்தத் தோட்டக்காரருக்கு, வாடகை இன்னொருத்தருக்கு.

அந்த மெஷினுக்கும் இந்த இடம் ஆகாது. 200 வோல்ட்டுக்குக் கீழ போனா நின்னுக்கும். சுத்தி இருக்கற காத்து நாப்பது டிகிரியைத் தாண்டுனா தள்ளாடும். சித்திரை மாசம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மோட்டார் ரூமுக்குள்ள நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அங்க எவ்வளவு வெக்கைன்னு. இழுத்த 3,500 வாட்டும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். கூடவே 75 டெசிபல் இரைச்சல்.

இப்போ வரும்படிக்கு வருவோம். எஸ்21-ன் வேகம் 200 டெராஹாஷ். 2025-ல உலகம் முழுக்க ஓடற மெஷின்களோட மொத்த வேகம் 90 கோடி டெராஹாஷுக்குப் பக்கம். அதாவது நம்ம மெஷின் 45 லட்சத்துல ஒரு பங்கு. ஒரு நாளைக்கு வர்ற புதுக் காயின் 450. நம்ம பங்குக்குக் கிடைக்கறது ஒரு காயின்ல பத்தாயிரத்துல ஒரு பாகம். ஒரு காயின் 80 லட்சம்னு வச்சுக்கிட்டா நாளைக்கு 800 ரூபாய்.

நேர்மையா காசு கட்டி கரண்டு வாங்குனா, யூனிட்டு 8 ரூபாய்னு வச்சாலும் 84 யூனிட்டுக்கு 672 ரூபாய். மிச்சம் 128. மெஷின் விலை மூணு லட்சம்னு வச்சா, அதை எடுக்கவே ஆறு வருசத்துக்கு மேல ஆகும். இன்னும் முடியலை. 2022 பட்ஜெட்டுல இந்த மாதிரி சொத்துல வர்ற வருமானத்துக்கு 30 சதவீதம் வரி போட்டாங்க. வாங்குன விலையைத் தவிர வேற எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்குப் போட்ட சாதனச் செலவை வாங்குன விலையா எடுத்துக்க மாட்டோம்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துலயே சொல்லிருச்சு. அப்போ 800-க்கும் வரி 240. கரண்டு 672, வரி 240, மொத்தம் 912. நாளைக்கு 112 ரூபாய் நட்டம். காயின் விலை ஏறுனா கணக்கு மாறும், இறங்குனாலும் மாறும். ஆனா இந்த ஊர்ல காசு குடுத்துக் கரண்டு வாங்கி இதைச் செய்யறவனுக்கு நிக்க இடம் ரொம்பக் குறுகல்.

அதனாலதான் மோட்டார் ரூமைத் தேடி வர்றாங்க. ரெண்டு மெஷினுக்கு மாசம் 5,040 யூனிட்டு. அதே 8 ரூபாய்னா 40,000 ரூபாய்க்கு மேல. அண்ணனுக்கு 15,000 குடுத்துட்டு 40,000 ரூபாய்க் கரண்டை எடுத்துட்டுப் போறாங்க. "வாடகை உங்க ரூமுக்கு இல்லீங்கண்ணா, உங்க சர்வீஸ் நம்பருக்கு" அப்படின்னு சொன்னேன். அந்த 40,000-ஐ யாரு கட்டறது? விவசாயக் கரண்டுக்கு மின்வாரியத்துக்கு மானியமாக் கட்டறது தமிழ்நாடு அரசு. அதாவது நீங்களும் நானும். உங்க காசும் இதுல இருக்குன்னு மேல சொன்னது இதைத்தான்.

இன்னொரு நண்பர், "நானே மெஷின் வரவழைச்சுத் தர்றேன், முன்பணம் மட்டும் கட்டுங்க" அப்படின்னார். முன்பணம்னதும் அமெரிக்காவுல நடந்த ஒரு கதைதான் ஞாபகம் வந்துச்சு. கன்சாஸ் மாநிலத்துல பட்டர்ஃபிளை லேப்ஸ்னு ஒரு கம்பெனி. மைனிங் மெஷினுக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டாங்க. 2013 செப்டம்பர் வரைக்கும் 20,000 பேருக்கு மேல மெஷின் போய்ச் சேரலைன்னு அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2014-ல கேஸ் போட்டுச்சு. வந்து சேந்த மெஷினும் உபயோகமில்லாம ஆன பின்னாடிதான் வந்துச்சுன்னு அதுல சொன்னாங்க. 2016-ல சமரசத்துல முடிஞ்சுது.

டிவி லேட்டா வந்தா லேட்டாப் பாக்கலாம். இது அப்படி இல்ல. மெஷின்கள் கூடக் கூட, அந்தப் பத்து நிமிசக் கணக்கு மாறாம இருக்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டியோட கஷ்டத்தைத் தானாவே ஏத்திக்கும். 2013 ஜனவரியில இருந்து டிசம்பருக்குள்ள அது கிட்டத்தட்ட 400 மடங்கு ஏறுச்சு. ஜனவரியில 400 காயின் தோண்டியிருக்கக்கூடிய மெஷின், டிசம்பர்ல வந்தா அதே நேரத்துல ஒரு காயின்தான் தோண்டும். ஆடிப்பட்டத்துக்குன்னு பணம் கட்டுன விதை மார்கழியில வந்து இறங்குன மாதிரி. விதையில குறை இல்ல, பட்டம் போயிருச்சு. அந்த வருசம் காயின் விலையும் ஏறுச்சுதான். ஆனா அதே காசுக்குச் சும்மா காயின் வாங்கி வச்சிருந்தவங்களுக்கு மெஷினுக்குக் காத்திருந்தவங்களை விட லாபம்.

இந்தப் போட்டியைப் பாத்தா எங்க ஊர்க்காரங்களுக்குப் புதுசாத் தெரியாது. நாங்க இதைப் போர்வெல்லுல பாத்தாச்சு. ஒருத்தர் 300 அடி போட்டார், தண்ணி வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 600 போட்டார், முதல் ஆளுது வத்திருச்சு. அவர் 900 போனார், இவர் 1,200 போனார். பூமிக்குள்ள தண்ணி ஒரு குடம் கூடலை. எல்லாருக்கும் செலவுதான் கூடுச்சு, ரிக் வண்டிக்காரர் மட்டும் வீடு கட்டுனார். மைனிங்கும் அதே சங்கதி. எல்லாரும் புது மெஷின் வாங்குனாலும் நாளைக்கு 450 காயின்தான். கடைசியில மிச்சம் பாக்கறது மெஷின் விக்கறவரு.

மலிவுக் கரண்டு இருக்கற இடத்துக்கு இது போனா என்ன ஆகும்ங்கறதுக்கு உலகத்துல நிறைய சாட்சி இருக்கு. ஈரான்ல மானியக் கரண்டு. அங்க பள்ளிவாசலுக்குள்ள மெஷின் ஓடற படம் 2019-ல வெளிய வந்துச்சு. 2021 மே மாசம் ஊரெல்லாம் கரண்டு கட் ஆனப்போ நாலு மாசத்துக்கு மைனிங்குக்கே தடை போட்டாங்க. அமெரிக்காவுல பிளாட்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊரு, நீர்மின்சாரம் மலிவா இருந்துச்சு. மைனிங்காரங்க வந்து ஒதுக்கீட்டைத் தாண்டி இழுத்ததுல வீட்டுக்காரங்களுக்குப் பில் ஏறுச்சு. 2018-ல 18 மாசத்துக்குப் புது மைனிங்கை நிறுத்தி வச்சாங்க. மலேசியாவுல மிரி ஊர் போலீஸ் 2021-ல, கரண்டு திருடி ஓட்டுன ஆயிரத்துச் சொச்சம் மெஷினை ரோடு ரோலரை ஏத்தி நசுக்குனாங்க.

எதிர்த் தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மிஞ்சிப் போற கரண்டை மைனிங் வாங்கிக்கும், தட்டுப்பாடு வந்தா உடனே அணைச்சுக்கலாம்கறாங்க. பூட்டான் அரசே தன்னோட நீர்மின்சாரத்துல மைனிங் செய்யுது. அது அவங்க கரண்டு, அவங்க முடிவு. ஆனா டெக்சாஸ்ல 2023 ஆகஸ்ட் மாசம், ரயட்ங்கற மைனிங் கம்பெனிக்குக் காயின் தோண்டிக் கிடைச்சதை விட, கரண்டு இழுக்காம இருந்ததுக்குக் கிடைச்ச தொகை அதிகம், 3 கோடி டாலருக்கு மேல. வெயில்ல ஜனங்க ஏசி போடறப்போ மெஷினை அணைக்கறதுக்கு ஒரு கூலி! சொந்தமா சோலார் போட்டு ஓட்டறேன்னு ஒருத்தர் வந்தா நான் தடுக்க மாட்டேன். ஒரு கிலோவாட் சோலாருக்கு நாளைக்கு 4 யூனிட்டுன்னா, ஒரு பெட்டிக்கு 21 கிலோவாட் பேனல் வேணும், ராத்திரிக்குப் பேட்டரி வேணும். போட்டுட்டு வரட்டும்.

தோட்டத்துச் சர்வீஸ்ல ஓட்டறது மட்டும் ஆகாது. மின்சாரச் சட்டம் 2003-ல 126-வது பிரிவு, எந்தக் காரியத்துக்குக் குடுத்தாங்களோ அதை விட்டு வேற காரியத்துக்கு எடுத்தா, அந்தக் காரியத்துக்கு உண்டான கட்டணத்துல ரெண்டு மடங்கு போடச் சொல்லுது. சர்வீஸ் யார் பேர்ல இருக்குதோ அவங்க கிட்டத்தான் வருவாங்க. மெஷின்காரன் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவான். கிணத்தையும் தென்னையையும் தூக்கிட்டுப் போக முடியுமா?

சட்டத்தை விடுங்க. இந்தக் கரண்டு சும்மா வந்தது இல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடி, 1970 ஜூன்ல பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. அப்புறம் நாராயணசாமி நாயுடு காலத்துல கட்டை வண்டிகளைக் கோயமுத்தூர் ரோட்டுல நிறுத்துன போராட்டம், ஜெயில், ஜப்தி. 1984-ல சிறு விவசாயிகளுக்கும், பின்னாடி 1990 வாக்குல எல்லா விவசாயிகளுக்கும் இலவசம்னு ஆச்சு. 2003-ல அதை எடுத்தாங்க, 2004-ல திருப்பிக் குடுத்தாங்க. எடுக்க முடியும்ங்கறது அப்பவே தெரிஞ்சு போச்சு.

இன்னைக்கும் "தோட்டத்துக்கு மீட்டர் மாட்டணும், அங்க கரண்டு வீணாகுது" அப்படின்னு பேசிட்டுத்தான் இருக்காங்க. நாலு மோட்டார் ரூம்ல மைனிங் மெஷின் பிடிபட்டா போதும், அந்த நாலு படத்தைக் காட்டி மொத்தப் பேர் மேலயும் கை வைப்பாங்க. அரை ஏக்கர் தக்காளி போட்டு, டேங்கர் தண்ணி வாங்க வழியில்லாதவர்தான் முதல்ல அடிபடுவார். இலவச சர்வீஸுக்கு எழுதிக் குடுத்துட்டு வருசக் கணக்காக் காத்திருக்கறவரோட வரிசையும் இன்னும் நீளும்.

மாசம் 15,000 தேவைப்படற நிலைமையில விவசாயி இருக்கார்ங்கறது தனிக் கவலை. அதுக்குப் பதில் மஞ்சளுக்கும் தேங்காய்க்கும் விலை. அந்த விலையைப் பத்திப் பேச டவுன் நண்பர்கள் வந்தா, திண்ணையில பாய் போட்டு உக்கார வச்சுப் பேசத் தயார். கரண்டு மட்டும் தண்ணி இறைக்கறதுக்குன்னு வாங்குனது. அதுக்கே இருக்கட்டுமுங்க.